வருகைப் பருவம்

எங்கள் வீட்டுத் தரை சிவப்பு சிமென்ட். அந்தக் காலத்துக் கொத்தனார் சுவரோரமும் நிலைப்படி ஓரமும் நாலு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை வைத்து இழைத்திருந்தார். திருச்சிப் பக்கம் பழைய வீடுகளில் இன்றும் இதைப் பார்க்கலாம். முப்பத்தைந்து வருஷமாக அந்தப் பட்டையை நாங்கள் தாண்டிப் போயிருக்கிறோம். அது அங்கே இருப்பதைக் கவனித்ததில்லை.

2019இல் ஒரு காலை, என் மனைவி அந்தப் பட்டைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டாள். சமையலறைக்குப் போக வேண்டும். காலைத் தூக்கினாள். வைக்கப் போனவள் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“வா டீச்சர், காபி ஆறுது.”

“வேண்டாங்க. விழுந்துடுவேன்.”

“எங்க விழுவ? தரைதானே இருக்கு?”

கையைப் பிடித்து இழுத்தேன். நிலையைக் கட்டிக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. “வரவர உன் அடம் தாங்க முடியல” என்று கத்திவிட்டேன். மாதம் தவறாமல் மலைக்கோட்டை ஏறியவள். நானூறு படிக்கு மேல் மூச்சு வாங்காமல் ஏறி, உச்சிப் பிள்ளையார் சந்நிதியில் நின்று, பின்னால் வரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். அவளுக்கு நாலு விரல் பட்டையைத் தாண்ட முடியாதா?

மூன்று வாரம் இப்படியே போனது. அவளுடைய அல்சைமர் நோய்க்கான மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது நரம்பியல் மருத்துவரிடம் புலம்பினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அந்த இடத்துல தரை என்ன நிறம் சார்?”

அல்சைமரில் கண் நன்றாக இருந்தாலும், கண் பார்த்ததை இன்னதென்று பிரித்துச் சொல்லும் மூளைப் பகுதி கெட்டுப்போகும். ஆழம் எது, நிறம் எது என்று தெரியாது. கறுப்பு மிதியடி குழியாகத் தெரியும். பளபளக்கும் தரை தண்ணீராகத் தெரியும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் இருக்கும் வெள்ளை கம்மோடு தெரியவே தெரியாது. இதை அவர் சொல்லி முடித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. மூன்று வாரமாக அவள் தினமும் ஒரு பள்ளத்தின் விளிம்பில் நின்றிருக்கிறாள். நான் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு மகள் அவளைக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். அந்த நேரத்தில் ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட் வாங்கி, முட்டி போட்டு உட்கார்ந்து, பட்டை முழுவதையும் அடித்து முடித்தேன். மறுநாள் காலை எழுந்து வந்தாள். நிற்கவே இல்லை. நேராகச் சமையலறைக்குள் நடந்து போனாள்.

இந்தப் பதிவை எழுதுவதற்கு அந்த டப்பா பெயின்ட்தான் காரணம். அல்சைமர் என்றால் மறதி என்று எல்லோருக்கும் தெரியும். பெயர் மறக்கும், முகம் மறக்கும், வழி மறக்கும். எப்படி நடப்பது என்பது காலுக்கும் ஒரு நாள் மறந்துபோகும் என்று எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அவளை அவ்வளவு திட்டியிருக்க மாட்டேன்.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவன். வேலையில் சேர்ந்த புதிதில் எல்லாம் கைகாட்டி மரம்தான். நிலையத்தில் நெம்புகோலை இழுத்தால், தண்டவாளத்தோரம் ஓடும் கம்பி இழுபட்டு, தூரத்தில் கைகாட்டி இறங்கும். இறங்கினால்தான் வண்டி நகரும். கம்பி நடுவில் அறுந்துவிட்டால், இன்ஜின் புத்தம் புதிதாக இருந்தாலும் வண்டி நின்ற இடத்தில்தான் நிற்கும். டிரைவரைத் திட்டிப் பயனில்லை.

அவளுடைய கால்களும் அப்படித்தான். பிசியோதெரபிஸ்ட் சோதித்துப் பார்த்துவிட்டு, “தசையில பலம் இருக்கு சார்” என்றார். நோய் முதலில் கை வைப்பது ஞாபகத்தைக் காக்கும் பகுதியில்; உடம்பை அசைக்கும் பகுதிகள் வெகுநாள் தப்பித்திருக்கும். அதனால்தான் நடுக்கட்டத்தில் இவர்கள் ஓயாமல் நடக்கிறார்கள். 2018இல் கேட்டைப் பூட்டி வைப்பதே என் முழுநேர வேலை. பிறகு, ‘எழு, காலை ஊன்று, எடையை மாற்று, அடுத்த காலை எடு’ என்ற வரிசையைக் கோத்துக் கொடுக்கும் பகுதியையும் நோய் எட்டுகிறது. கால் காத்திருக்கும். கைகாட்டி இறங்காது.

இது ஒரே நாளில் வருவதில்லை. முதலில் அடி குறுகும். அப்புறம் பாதம் தரையை விட்டு எழாமல் தேய்த்துத் தேய்த்து நடப்பார்கள். திரும்பும்போது தடுமாறுவார்கள். நாற்காலி பின்னால் வருவதற்கு முன்பே உட்காரப் பார்ப்பார்கள். எழுந்து நின்றால் உடம்பு பின்பக்கமாகச் சாயும். எங்கள் வீட்டில் இவை ஒவ்வொன்றும் ஏழெட்டு மாத இடைவெளியில் வந்தன.

அந்த நாட்களில் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது, ‘எழுந்திரு’ என்பது ஒரு வேலை அல்ல, ஐந்து வேலை என்பது. “டீச்சர், கொஞ்சம் முன்னால நகரு.” நாற்காலி விளிம்புக்கு வருவாள். “காலைப் பின்னால வை.” பாதம் முட்டிக்கு நேர் கீழே வரும்படி நானே நகர்த்தி வைப்பேன். “முன்னால குனி.” மூக்கு கால் கட்டைவிரலுக்கு மேல் வர வேண்டும். பிறகு இரண்டு முறை முன்னும் பின்னுமாக ஆட்டி, மூன்றாவது ஆட்டத்தில் எழுப்புவேன். ஒரு வாக்கியம் சொன்னால் ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அடுத்ததைச் சொன்னால் முதலில் சொன்னதும் போய்விடும். கையையோ அக்குளையோ பிடித்துத் தூக்கவே கூடாது, தோள்பட்டை பிசகிவிடும். இடுப்பில் அகலமான பட்டை ஒன்றைக் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். உட்கார வைக்கும்போது, கெண்டைக்கால் நாற்காலியில் பட்ட பிறகுதான் உட்காரச் சொல்ல வேண்டும். வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளை அன்றே மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டேன்.

நடு வழியில் உறைந்து நின்றால் என்ன செய்வது? இழுக்கக் கூடாது. பக்கத்தில் நின்று தாளம் போடுவேன். “இடது, வலது, இடது, வலது.” சில நாள் அவளுக்குப் பிடித்த பாட்டை முணுமுணுப்பேன். பேச்சுக்கு அசையாத கால் பாட்டுக்கு அசைந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நடை மெல்ல மெல்லப் போனால் அது நோய். நேற்று நடந்தவர் இன்று காலை எழவே இல்லை என்றால், அதை அல்சைமர் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

2021இல் ஒரு நாள் அவளால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. ‘வந்துவிட்டது, இனி படுக்கைதான்’ என்று நான் முடிவே கட்டிவிட்டேன். மகள்தான் விடவில்லை. “அப்பா, யூரின் டெஸ்ட் எடுங்க முதல்ல.” சிறுநீர்த் தொற்று. காய்ச்சல் கூட இல்லை. மருந்து கொடுத்துப் பத்து நாளில் மறுபடி கூடத்துக்கு நடந்து வந்தாள். அடுத்த வருஷம் இன்னொன்று. இரவெல்லாம் தூங்காமல் கத்துகிறாள் என்று ஒரு மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரே வாரத்தில் உடம்பு பலகை மாதிரி விறைத்துவிட்டது. எச்சில் ஒழுகியது. வேறொரு மருத்துவரிடம் மாத்திரைப் பட்டியலைக் காட்டியபோது, இந்த வகை மருந்து பார்கின்சன் போன்ற விறைப்பைக் கொண்டுவரும் என்று சொல்லி, படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். அவள் அதற்குப் பிறகு ஏழு மாதம் நடந்தாள். அந்த ஏழு மாதத்தை நான் கேட்காமலே இழந்திருப்பேன். தொற்று, மருந்து, மலச்சிக்கல், வெளியே தெரியாத எலும்பு முறிவு, உப்புச்சத்து குறைவு, பக்கவாதம், தலையில் பட்ட அடியால் உள்ளே ரத்தக்கசிவு, இவ்வளவையும் பார்த்து முடித்த பிறகுதான் நோயைக் குறை சொல்ல வேண்டும்.

2023 தீபாவளிக்கு முந்தைய வாரம் அவள் கடைசியாகத் தன் காலால் நடந்தாள். கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஆறு அடி. அது கடைசி என்று அன்று எனக்குத் தெரியாது.

பேச்சு அதற்கு முன்பே போயிருந்தது. இந்த வரிசை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேரி ரைஸ்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் இந்த நோயின் படிகளை வகுத்திருக்கிறார். அவருடைய அளவுகோலில் கடைசிப் படி ஏழாவது. அதற்குள் ஆறு சிறு படிகள். பேச்சு ஐந்தாறு சொல்லாகச் சுருங்கும். பிறகு ஒரு சொல். பிறகு நடை போகும். பிறகு பிடிப்பில்லாமல் உட்கார முடியாது. பிறகு சிரிப்பு. கடைசியில் தலை நிற்காது. ஒரு குழந்தை எந்த வரிசையில் இவற்றைப் பெறுகிறதோ, அதே வரிசை தலைகீழாக.

அவள் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் தமிழாசிரியை. தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். பிள்ளைத்தமிழ் நடத்துவதென்றால் அவளுக்கு அவ்வளவு ஆசை. முதல் நாள் ராத்திரியே எனக்கு ஒரு தடவை நடத்திக் காட்டுவாள். செங்கீரைப் பருவத்தில் குழந்தை கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, தலையை நிமிர்த்தி ஆட்டும். சப்பாணியில் கை கொட்டும். பிறகு முத்தம். ஒரு வயசு நிறையும்போது வருகைப் பருவம். தளர்நடை போடும் பிள்ளையை ‘வருக, வருக’ என்று தாய் கூப்பிடுவாள். அந்தப் பருவங்களின் வழியே என் மனைவி திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று ஒரு ராத்திரி தோன்றியது. தோன்றியபோது எழுந்து போய் மாடியில் நின்று அழுதேன்.

ஆனால் நண்பர்களே, இந்த ஒப்புமையில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. என்ன உதவி வேண்டும் என்று தெரிந்துகொள்ள அது பயன்படும். அதை வைத்து அவர்களைக் குழந்தையாக்கிவிடக் கூடாது. வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் அவள் கன்னத்தைக் கிள்ளி, “பாப்பா சாப்பிட்டாச்சா?” என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொல் போயிருந்தாலும் மானம் போகவில்லை. அவளுக்கு 69 வயது. ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் பாடம் சொன்னவள். அதைத் தெரிந்த கைதான் அவளைத் தொட வேண்டும்.

நடை நின்ற பிறகு அபாயங்கள் வேறு மாதிரி. அதுவரை விழுந்துவிடுவாளோ என்று பயம். இப்போது அசையாமல் இருப்பதே பயம்.

இந்த நோய்க்குப் பெயர் கொடுத்த அலாய்ஸ் அல்சைமர் 1901இல் ஃப்ராங்ஃபர்ட் மருத்துவமனையில் பார்த்த நோயாளி ஆகுஸ்டே டீட்டர் என்ற பெண்மணி. அப்போது அவருக்கு 51 வயது. 1906இல் இறந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த அறிக்கையில், கடைசி நாட்களில் அவர் கால்களை மடக்கி இழுத்துக்கொண்டு படுக்கையிலேயே கிடந்ததையும், எவ்வளவு கவனித்தும் படுக்கைப் புண் வந்ததையும் அல்சைமர் எழுதியிருக்கிறார். முதல் நோயாளியின் கதையிலேயே மடங்கிய காலும் படுக்கைப் புண்ணும் இருக்கின்றன. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் நம் வீடுகளில் அதே இரண்டும்தான் வந்து நிற்கின்றன. நோயை நிறுத்த நம்மால் முடியாது. இந்த இரண்டையும் எதிர்த்துப் போராட நம் இரண்டு கை இருக்கிறது.

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும். இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். பழைய உத்தியோகப் பழக்கம் எனக்கு இதில் கைகொடுத்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் நேரத்தையும் பக்கத்தையும் எழுதுவேன். ‘4.00 இடது. 6.00 மல்லா.’ உதவிக்கு வரும் அம்மாவும் அதிலேயே குறிப்பார்கள். காற்று ஏறி இறங்கும் ஆல்ஃபா பெட் வாங்கியிருக்கிறோம். அது இருக்கிறதே என்று திருப்புவதை விட்டுவிட முடியாது. பக்கவாட்டில் படுக்க வைக்கும்போது முழுக்க இடுப்பெலும்பு மேல் சாய்க்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்துப் பாதிச் சாய்வாக வைக்க வேண்டும். முட்டிகளுக்கு நடுவில் ஒரு தலையணை. கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி.

ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் வால் எலும்பு, இடுப்பு, குதிகால், காது மடல் எல்லாம் பார்ப்பேன். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம் மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. அதனால் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். சுற்றியிருக்கும் இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அந்தப் பக்கம் அன்று முழுக்கப் படுக்க வைப்பதில்லை. அந்த இடத்தை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது; ரத்த ஓட்டம் வரும் என்று நாம் நினைப்போம், உள்ளே திசு நைந்துபோகும்.

காலை மாலை இரண்டு வேளையும் மூட்டுகளுக்குப் பயிற்சி. வலிக்காத அளவுக்கு மட்டும், மெதுவாக. கணுக்கால், முட்டி, இடுப்பு, தோள், முழங்கை, விரல். அவள் விரல்கள் உள்ளே மடங்கத் தொடங்கியபோது நகம் உள்ளங்கையில் பதிந்திருந்தது. இப்போது பழைய மல் வேட்டித் துணியைச் சுருட்டிக் கையில் வைத்திருக்கிறேன். சாப்பாடு ஊட்டும்போது கட்டில் தலைப்பக்கத்தை நிமிர்த்தி நேராக உட்கார வைப்பேன். முடிந்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே. சாய்ந்தபடி கொடுத்தால் உணவு மூச்சுக்குழாயில் போய் நிமோனியா ஆகிவிடும். இந்த நோயில் உயிரை எடுப்பது பெரும்பாலும் அதுதான்.

இத்தனையையும் ஒரு ஆளால் செய்ய முடியாது. முதல் வருஷம் நான் தனியாகச் செய்து, இடுப்பு பிடித்து இரண்டு வாரம் படுத்துவிட்டேன். ‘என் பொண்டாட்டியை நான் பார்த்துப்பேன்’ என்ற வைராக்கியத்தால் கஷ்டப்பட்டது அவள். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் நோய் ஆதரவு சிகிச்சையும் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ஸ்கார்ஃப் அமைப்பின் டெம்கேர்ஸ் என்ற மறதிநோய்ப் பராமரிப்பு மையம் இருக்கிறது. 1992இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற மறதிநோய் அமைப்பு நாடு முழுக்கக் கிளைகளோடு இயங்குகிறது. 2023இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வுக் கணக்குப்படி இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய். அத்தனை வீட்டிலும் யாரோ ஒருவர் ராத்திரி நாலு மணிக்கு எழுந்து திருப்பிப் போடுகிறார்கள், அல்லது ஒரு நாள் எழ வேண்டியிருக்கும்.

இப்போது எங்கள் காலை எப்படி என்று சொல்லி முடிக்கிறேன். ஆறு மணிக்கு அறைக்குள் போவேன். பக்கவாட்டிலிருந்து போனால் அவளுக்கு நான் வருவது தெரியாது. திடீரென்று கை பட்டால் உடம்பு முழுக்க விறைக்கும். அதனால் சுற்றிக்கொண்டு அவள் முகம் பார்க்கும் பக்கம் போய், முக்காலியைப் போட்டு, அவள் கண் மட்டத்தில் உட்காருவேன். “டீச்சர், வந்துட்டேன்” என்பேன். தொட மாட்டேன். காத்திருப்பேன். சில நாள் அரை நிமிஷம், சில நாள் ஐந்து நிமிஷம். கண் மெல்ல நகர்ந்து என் முகத்தில் வந்து நிற்கும். அப்புறம்தான், “இப்ப காலைத் தொடப் போறேன்” என்று சொல்லிக் கணுக்காலைப் பிடிப்பேன்.

வருகைப் பருவத்தில் பிள்ளை நடந்து வரும், தாய் நின்று கூப்பிடுவாள் என்று நடத்துவாள் அவள். நாலு வருஷம் நானும் அப்படித்தான் சிவப்புத் தரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ‘வா, வா’ என்று கூப்பிட்டேன். இனி அவள் வர மாட்டாள். நான் போகிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது இன்று காலை நடுவழியில் நின்றுவிட்டால், தயவுசெய்து இழுக்காதீர்கள், திட்டாதீர்கள். பக்கத்தில் போய் நின்று, அவர்கள் பார்க்கும் தரையைக் குனிந்து பாருங்கள்.